தேர்தலுக்குப் போன துப்பாக்கி

அது 1977 என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஒரே ஆண்டில் இரண்டு முறை காவல் நிலையத்துக்குப் போய் வந்தது அந்த ஆண்டில்தான். மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல், ஜூனில் சட்டமன்றத் தேர்தல். தேர்தல் வந்துவிட்டால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு போய் வாங்கிக்கொள்ளலாம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. என் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இன்னும் கையில் இருக்கிறது, சரிபார்த்துவிட்டேன்.

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டமும், மலைப் பக்கமாகக் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருந்தன. நிலத்தில் கடலை போட்டால் காட்டுப்பன்றி இறங்கும். அதற்காகத்தான் துப்பாக்கி. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈய உருண்டையைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுகிற பழைய சாமான். என்னை விட நான்கு விரல் உயரம். பக்கத்தில் நின்று அளந்திருக்கிறேன்.

அதற்கு ஓர் இரட்டையும் உண்டு. இரண்டும் தாத்தாவிடம் இருந்தவை. ஒன்றை மகனான என் அப்பாவுக்கு வைத்துக்கொண்டு, இன்னொன்றை, அத்தையைக் கட்டிக் கொடுத்தபோது மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். லைசென்ஸும் அவரவர் பெயருக்கு மாறியது. மலைமேல் ஒரு துரையைக் காட்டெருமை முட்ட வந்தபோது தாத்தா காப்பாற்றினார், அதற்குத் துரை கொடுத்த பரிசு அந்த இரண்டு துப்பாக்கிகளும் என்பது எங்கள் வீட்டு வரலாறு. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்பு இந்த வரலாறு வந்துவிடும்.

அத்தை வாழ்க்கைப்பட்டது இரண்டு மைல் தள்ளித்தான். ஆயுத பூசைக்கு முதல் நாள் மாமா தன் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார். முற்றத்தில் ஜமுக்காளத்தை விரித்து இருவரும் உட்காருவார்கள். குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றி, கொதிக்கிற வெந்நீரை உள்ளே ஊற்றிக் கழுவி, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டுவார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம். பூசை வைத்த சந்தனத்தைச் சுரண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் ஒவ்வோர் ஆண்டுச் சந்தனத்தின் மேலும் அடுத்த ஆண்டுச் சந்தனம் ஏறி, குழலின் அடிப்பக்கமும் கட்டையின் பக்கமும் ஒரு காரைச் சுவர் போல ஆகியிருந்தன. சந்தனம் அரைப்பது என் வேலை.

இந்த வழக்கம் 1973 பங்குனியோடு நின்றுபோனது. ஓர் அந்தி நேரத்தில் பன்றி இறங்கியதைக் கண்டு அப்பாவும் மாமாவும் எங்கள் மானாவாரிக்குப் போனார்கள். மாமாவின் நாயும் கூடப் போயிற்று. கோம்பை நாய், செவலை என்று பெயர். அப்பா பன்றியைப் பார்த்துச் சுட்டார். விழுந்தது செவலை.

அப்பாவின் துரதிருஷ்டம், தன் குறி தப்பாது என்று அவர் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு செவலை போட்ட குட்டிகளில் ஒன்றை அப்பா கேட்டிருந்தார். மாமா போடியில் யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி மறுத்திருந்தார். மாமா இரண்டையும் சேர்த்துக் கூட்டினார்.

"பன்னிக்கும் நாய்க்கும் நடுவுல பத்தடி. பத்தடி தப்புற கையா அது? குட்டி குடுக்கலேங்கிற காந்தல்ல தாயச் சுட்டுப்புட்டாரு" என்று எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். தப்பிவிட்டது என்று அப்பா சொன்னால் குறி போயிற்று. தப்பவில்லை என்று சொன்னால் மைத்துனன் போனான். இரண்டையும் சொல்லாமல் நான்கு ஆண்டுகள் இருந்தார்.

அந்த நான்கு ஆண்டுகளில் அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவும் அவளும் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற சாக்கில் பேசிக்கொள்வார்கள். அதுவரை எப்படியோ ஓடிவிட்டது. 1977 மாசியில் அத்தையின் மூத்த மகள் பெரியவளானாள். சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வந்து முன்னால் நிற்க வேண்டும். அத்தைக்கு உடன்பிறந்தவர் என் அப்பா ஒருவர்தான். நாயைச் சுட்டவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைக்க மாட்டேன் என்று மாமா இருந்தார். அழைக்காத வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அப்பா இருந்தார். சடங்கை ஆனிக்குத் தள்ளிப் போட்டார்கள். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணையில் உட்கார வைத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பளம் பொரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

இதற்கிடையில் மார்ச் தேர்தலில் ஒரு சின்னச் சம்பவம். நிலையத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் கட்டையிலும் சொந்தக்காரர் பெயர் எழுதிய சீட்டை ஒட்டி வைப்பார்கள். மற்றவர்களுடைய சீட்டெல்லாம் ஒட்டியபடி இருக்க, எங்கள் இரண்டு துப்பாக்கிகளின் சீட்டுகள் மட்டும் சந்தனத்தோடு பெயர்ந்து விழுந்துவிட்டன. திரும்பி வாங்கப் போன அன்று அப்பாவும் மாமாவும் ஒரே துப்பாக்கியில் கை வைத்துவிட்டார்களாம். "இது என்னுது." "இல்ல, என்னுது." அவ்வளவுதான். நிலையத்துக் கணக்கெழுதும் ஏட்டு, அவரை ரைட்டர் என்போம், இருபது ஆண்டு அங்கேயே இருந்தவர். பார்த்தவுடன் பிரித்துக் கொடுத்துவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "நாலு வருசத்துக்கு அப்புறம் மாப்ள வாயத் தொறந்தாரு. ரெண்டு வார்த்த." அம்மா அதைச் சந்தைக்குக் கொண்டுபோனாள்.

சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனபோது கூட்டத்தில் அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். முந்தானையிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சந்தன உருண்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இத ஒங்கப்பாட்ட குடு ஆத்தா. ஸ்டேசன்ல பழைய ரைட்டர் மாத்தலாகிப் போயிட்டாராம், புதுசா வேற ஆள் வந்திருக்காகளாம்னு சொல்லு. மறந்துறாத."

இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்பா உருண்டையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார். சந்தனத்தை மோந்து பார்த்து யாரும் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

வைகாசியில் மறுபடி துப்பாக்கியை ஒப்படைக்கும் நாள் வந்தது. அன்று காலை அப்பா அந்த உருண்டையைக் கொடுத்து என்னைக் கரைக்கச் சொன்னார். போதாதென்று வீட்டுச் சந்தனக் கட்டையையும் அரைக்கச் சொன்னார்.

"இப்ப என்ன பூசைப்பா?"

"தேர்தலுக்குப் போகுதுல்ல. சும்மா அனுப்பலாமா?"

எங்கே பூச வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். குழலின் அடிப்பக்கம் ஓர் இடம், கட்டையின் பக்கவாட்டில் ஓர் இடம். நன்றாகக் கனமாகப் பூசச் சொன்னார். என் வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது என்ற பெருமையில் இரண்டு கை நிறைய அப்பினேன்.

ஜூனில் துப்பாக்கியை வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். நிலையத்துத் தாழ்வாரத்தில் கோணிச் சாக்குகளை விரித்துப் பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மதுரையிலிருந்து ஆர்மரர் வந்திருந்தார். போலீஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஊர்க்காரர்களுடைய துப்பாக்கிகளையும் சோதித்துவிட்டுப் போவார். ஒரு பக்கக் காது உடைந்து நூலால் கட்டிய கண்ணாடி. முன்னால் துணிச் சுருளில் திருப்புளிகளும் கம்பிகளும். மாமா எங்களுக்கு முன்பே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அப்பா மூன்றடி தள்ளி இன்னொன்றில் உட்கார்ந்தார். நான் நடுவில்.

எங்களுடையவற்றை உடனே கண்டுகொண்டேன். கோணியின் ஓரத்தில் இரண்டு துப்பாக்கிகள். இரண்டிலும் சந்தனம் வெடித்து உதிர்ந்து கிடந்தது. அந்தப் பொடியின் மேல் இரண்டு சீட்டுகள், எது எதிலிருந்து விழுந்தது என்று தெரியாமல்.

"இதுல யாருது எது?" என்றார் புது ரைட்டர்.

அப்பா இடது பக்கத் துப்பாக்கியைக் காட்டினார். மாமா எழுந்துவிட்டார்.

"ஏத்தா, ஒங்கப்பாட்ட சொல்லு. அது எங்கூட்டுச் சாமான். போன மாசம் வரைக்கும் என் தோள்ல கெடந்தது எனக்குத் தெரியாதா?"

"ஆத்தா, ஒங்க மாமாட்ட சொல்லு. அதத் தொட வேணாம்னு சொல்லு."

"அப்பா அதத் தொட வேணாங்குறாக" என்றேன் மாமாவிடம். இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் நான் சொல்லும் வரை காத்திருந்தார்கள்.

ஆர்மரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பாப்பா, நீ என்ன தந்திக் கம்பியா?"

ரைட்டர் லைசென்ஸ் புத்தகங்களைப் புரட்டினார். இரண்டிலும் நம்பர் போட்டிருந்தது. துப்பாக்கியில்தான் காணவில்லை. சந்தனத்துக்கு அடியில் இருக்கலாம் என்று நகத்தைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"சாமிக்கு வச்சதா?"

"ஆமாய்யா" என்று அப்பாவும் மாமாவும் ஒரே குரலில் சொன்னார்கள். ரைட்டர் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இங்கன குடுங்க" என்றார் ஆர்மரர். "நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். என்னய ஒண்ணும் செய்யாது." ஒரு மூங்கில் சிம்பை எடுத்தார். சுரண்டுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார். "நீ பூசினதா தாயி? நல்லாத்தான் பூசியிருக்க. வீட்டுக்குப் போய் வேற வச்சுக்கோ."

தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து அவர் சுரண்டச் சுரண்ட, என் கண்ணில் நீர் முட்டியது. அதை மறக்கடிக்கவோ என்னவோ, அவர் துப்பாக்கி முனையை என் பக்கம் திருப்பி, மருந்து இல்லை என்று கம்பியை விட்டு ஆட்டிக் காட்டிவிட்டு, விரலை உள்ளே விடச் சொன்னார்.

"வரி வரியா இருக்கா, வழவழன்னு இருக்கா?"

"வழவழன்னு இருக்கு."

"வரி இருந்திருக்கணும். அந்த வரிதான் குண்டச் சுழல விட்டு நேராப் போக வைக்கும். இது வரியோட செஞ்ச ராணுவத் துப்பாக்கிதான். பெறகு வேணும்னே உள்ள கடைஞ்சு வழிச்சு எடுத்திருக்கான். வாய் ஓரம் எத்தன மெல்லிசாப் போச்சு பாருங்க." குழலின் மேல் குறி பார்ப்பதற்காக இருந்த இரும்புக் கட்டையைத் தட்டினார். "இங்கன ஏணி மாதிரி ஒரு குறி இருந்திருக்கும். தூரத்துக்குத் தக்கன தூக்கி வச்சுக்கலாம். அதையும் புடுங்கிட்டு, அசையாத கட்டையப் பத்த வச்சிருக்கான். பழைய பத்தோட தடம் தெரியுதா?"

மாமாவால் பொறுக்க முடியவில்லை. "நல்லா இருந்தத ஏன்யா கெடுக்கணும்?"

"கலகத்துக்கு அப்புறம் வெள்ளக்காரனுக்குப் பயம். நம்மாளு கையில நேராச் சுடுற துப்பாக்கியக் குடுத்தா, நாளைக்கு யாரப் பாத்துத் திருப்புவான்னு. துப்பாக்கியையும் குடுக்கணும், சுட்டா படவும் கூடாது. அதுக்குத்தான் இந்த வேல." அவர் இன்னொன்றின் முனையிலும் விரலை விட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கத. அம்பது எட்டு வச்சு நடக்கிற தூரத்துக்கு அங்கிட்டு இதுல குறி வச்சு அடிச்சேன்னு எவனாச்சும் சொன்னா, குறி வச்சது அவன் இல்ல, சாமி."

1857-க்குப் பிறகு சிப்பாய்களுக்கு அப்படிக் கடைந்த துப்பாக்கிகளைத்தான் கொடுத்தார்கள் என்று பின்னாளில் நானும் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். அன்று தாழ்வாரத்தில் எனக்கு விளங்கியது பாதிதான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். நடுவில் இருந்த என்னைப் பார்க்கவில்லை.

"மச்சான்" என்றார். "அன்னைக்குப் பன்னி எத்தன எட்டுல நின்னுச்சு?"

"எம்பது இருக்கும் மாப்ள."

நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லாமல் போயிற்று. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்.

ஆர்மரர் அதற்குள் இரண்டாவது குழலையும் சுரண்டிவிட்டார். முனையோடு முனை மோதிக்கொண்டிருக்கும் இரண்டு சிறிய அம்புகள் தெரிந்தன. அரசாங்கம் வேண்டாமென்று கழித்து விற்ற சரக்குக்குக் குத்துகிற முத்திரை அது என்றார்.

"இது துரை குடுத்ததுங்க" என்றார் அப்பா. "எங்கய்யா சொன்னாக."

ஆர்மரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "துரைதான் ஏலத்துல எடுத்துக் குடுத்திருப்பாரு" என்றார். முத்திரைக்குப் பக்கத்தில் ஆண்டும் இருந்தது. பதினெட்டு என்பது மட்டும் தெளிவு. அடுத்த இரண்டு இலக்கங்களை எங்கள் வீட்டுச் சந்தனம் தின்றிருந்தது. அந்த இரண்டு இலக்கங்களுக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

பிறகு நம்பரைப் படித்தார். இடது பக்கத் துப்பாக்கி, அதாவது இரண்டு பேரும் தன்னுடையது என்றது, 116. ரைட்டர் புத்தகத்தைப் பார்த்து அப்பாவைக் காட்டினார். மற்றது 140. அது மாமாவினுடையது.

"அதெப்படி? நாந்தானே இத்தன வருசமா இத வச்சிருக்கேன்?" என்றார் மாமா.

ஆர்மரர் திருகுகளைக் கழற்றிக் குழல்களைத் தூக்கினார். குழலின் அடியிலும் அது பதியும் மரக் குழியிலும் அரத்தால் கீறிய கோடுகள். ஒரு குழலில் மூன்று கோடு, அது படுத்திருந்த கட்டையில் நான்கு. மற்றதில் நேர்மாறு. "ரெண்டையும் ஒரே எடத்துல வச்சுக் கழுவுவீகளா?"

"ஆயுத பூசைக்கு..." என்றார் மாமா. அத்துடன் நின்றார். எங்கள் முற்றத்து ஜமுக்காளம் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். மெதுவாக மற்றத் துப்பாக்கியைப் பார்த்தார். அப்பா இத்தனை நாள் சுட்டுக்கொண்டிருந்தது. குழலில் 140.

"அப்ப எங்க செவலையச் சுட்டது... எங் குழலா?"

முதலில் சிரித்தது ரைட்டர். மாமாவும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடினார். துண்டை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அப்பா சிரிக்கவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்து மாமாவுக்குப் பக்கத்தில் கோணியில் உட்கார்ந்து, ஒரு குழலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரவர் குழலை அவரவர் கட்டையில் பூட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. திருப்புளி இருவர் கையிலும் மாறி மாறிப் போய் வந்தது.

புறப்படும்போது மாமா பழைய வழக்கப்படியே என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, ஒங்கப்பாட்ட சொல்லு. ஆனி கடைசி முகூர்த்தம். தாய்மாமன் முன்னால வந்து நிக்கணும். வெத்தல பாக்கோட நாளைக்கு நானே வீட்டுக்கு வாரேன்னு சொல்லு."

"வாங்கன்னு சொல்லு" என்றார் அப்பா.

சடங்கு நடந்தது. அப்பா பதினொரு தட்டு கொண்டுபோனார். மாமா அந்த ஆண்டே ஒரு கோம்பைக் குட்டியைக் கொண்டுவந்து எங்கள் தொழுவத்தில் கட்டினார்.

அப்பா காலமான பிறகு அவருடைய காகிதங்களை வரிசைப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. லைசென்ஸ் புத்தகத்தின் உள் அட்டையில் நீலப் பென்சிலில் அவர் கையெழுத்து: 'கழற்றிப் பார்த்தேன், கோடு மாறியிருக்கிறது. 116 மாப்பிள்ளை கட்டையில். நம்மிடம் இருப்பது 140. அடுத்த பூசையில் மாற்ற வேண்டும்.' கீழே தேதியும் போட்டிருந்தார். 1972 ஆயுத பூசைக்கு மறுநாள். செவலை செத்தது அதற்குப் பிறகு வந்த பங்குனியில். அடுத்த பூசைக்கு மாமா வரவில்லை. நான்கு ஆண்டுகளும் அப்பாவுக்குத் தெரியும். உன் குழல்தான் உன் நாயைச் சுட்டது என்று அவர் வாயால் சொல்லியிருந்தால், அத்தையின் வீட்டில் அதன் பிறகு அவருக்கு இடமே இருந்திருக்காது.

அத்தையிடம் அந்தச் சந்தன உருண்டையைப் பற்றிக் கேட்டேன். "அவுக ரெண்டு பேரையும் ஒரு அரை மணி நேரம் ஒரு எடத்துல உக்கார வைக்கலாம்னுதான் நானும் ஒங்கம்மாவும் நெனச்சோம். எங்கூட்டுத் துப்பாக்கியில நாந்தான் பூசினேன். மத்ததெல்லாம் அந்த வேதக்காரர் பண்ணினது" என்றாள்.

அன்று திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? துப்பாக்கி கோணிக்குள் சுற்றி எங்கள் காலடியில் கிடந்தது. சீட்டு விழுந்தது, சண்டை வந்தது, பூசைச் சந்தனத்தைச் சுரண்ட நேர்ந்தது, எல்லாம் என் கைவேலையால்தான் என்று வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பஸ் ஊர் எல்லைக்கு வந்ததும் தைரியத்தைத் திரட்டிச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, சந்தனத்த நாந்தான் ரொம்பக் கட்டியாப் பூசிட்டேன். அதான் சீட்டு விழுந்துருச்சு."

அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே என் தலையில் கையை வைத்தார். வீடு வரும் வரை எடுக்கவில்லை.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.